அளவு உபயம்: ப. வீரக்குமார்

வீரக்குமாருக்கு நான் செய்து கொடுத்த கரட்டில் முப்பத்தேழு தப்புகள் இருந்தன. அதில் இருபத்தைந்தை யோசித்து, ரசித்து, வேண்டுமென்றே வைத்தேன். மீதி பன்னிரண்டு எனக்கே தெரியாமல் நேர்ந்தவை. பதினேழு வயதில் அந்த ஊரைவிட்டு ஓடியவள் நான். எங்கள் ஊர்க் கரட்டை, அந்த மொட்டைப் பாறைக் குன்றை, ஒழுங்காக நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அதை அடி அடியாக அளந்து பார்த்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அதை வெடி வைத்துத் தின்றவர்.

“இது என்ன அம்மணி, கரடா? தோசைக்கல்லைக் கவுத்து வெச்ச மாதிரி இருக்குது,” என்றார் முதல் நாள்.

“எங்க சரியில்லைன்னு சொன்னீங்கன்னா மாத்திடறேன் சார்.”

“மொத்தமுமே சரியில்ல. வடக்கால மொகம் இப்பிடி வழுவழுன்னு எறங்காது. மூணு படியா எறங்கும். ரெண்டாவது படியில ஒரு வெடிப்பு ஓடும். கை நுழையற அகலம்.”

நான் தலையைக் குனிந்து குறித்துக்கொண்டேன். குனிந்தது மரியாதைக்காக இல்லை, சிரிப்பை மறைக்க.

நாங்கள் நின்றிருந்தது அவருடைய புது ஓட்டலின் விருந்து மண்டபம். மூன்று பக்கச் சுவரும் தரையிலிருந்து கூரைவரை திரை. நான்காவது பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே நூற்றிருபது அடி ஆழத்துக்கு ஒரு குழி. குழி நிறையப் பச்சைத் தண்ணீர். அதற்கு ஏரி என்று பெயர் வைத்து, ஏரிக்கரையில் ஓட்டல் கட்டியிருந்தார். வருகிறவர்கள் ஏரி மட்டும் இருந்தால் மொட்டையாக இருக்கிறது, பக்கத்தில் ஒரு மலை இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்களாம். அந்தக் குழி இருந்த இடத்தில்தான் மலை இருந்தது என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஆந்தைக்கரடு கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் இருந்தது. இருந்தது என்று நான் சொல்கிறேன். சட்டப்படி அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இதைப் புரிந்துகொள்ளக் கானலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கானல் ஒரு இலவச மென்பொருள். மலை, காடு, கடற்கரை, மழை ஓய்ந்த வயல் என்று எதையும் உட்கார்ந்த இடத்தில் அதில் செய்யலாம். நிஜத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல ஆள் கிடையாது. உலகம் முழுக்க நானூறு பேர் சம்பளம் வாங்காமல் எழுதினோம். அதில் பாறை என்னுடைய பங்கு. வெயிலில் பாறை எப்படி மின்னும், மழையில் எப்படிக் கறுக்கும், பாசி எந்தப் பக்கம் பிடிக்கும் என்று மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இலவசம் என்பதால் ஆஸ்பத்திரி, விடுதி, சிறைச்சாலை என்று ஜன்னல் இல்லாத சுவரில் எல்லாம் கானல் திரை வந்து உட்கார்ந்தது. எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு வழக்குகள் வரத் தொடங்கின. ஒருவன் இல்லாத தோப்பை விற்றான். இன்னொருவன் பக்கத்து வீட்டுக் கிணறு தன்னுடைய மனையில் இருப்பதாகக் காட்டினான். கடைசியில் நீதிமன்றம் வெறுத்துப்போய் ஒரே போடாகப் போட்டது. இனிமேல் எந்தப் படமும் சாட்சி ஆகாது. செயற்கைக்கோள் படமும் ஆகாது. நேரில் பார்த்தேன் என்று மனிதர்கள் சொல்வதும் ஆகாது. கானல் காட்சிகளைப் பார்த்துப் பார்த்து, எதைக் கண்ணால் கண்டோம் எதைத் திரையில் கண்டோம் என்று ஜனங்களுக்கே குழம்பிப்போய்விட்டது என நிபுணர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

மிஞ்சியது ஒன்றுதான், முத்திரை அளவீடு. நிலத்தை அளக்கிற கருவியே தேதி, இடம், அளக்கச் சொன்னவர் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி, ஒரு பதினான்கு இலக்க எண்ணைக் கொடுக்கும். பூட்டிய பிரதி ஒன்று தானாகப் பதிவகத்துக்குப் போகும். எண்ணைச் சொன்னால் நீதிமன்றம் அதை வரவழைக்கலாம். எண் தெரியாவிட்டால் ஆண்டவனே வந்து கேட்டாலும் கிடைக்காது.

ஆந்தைக்கரட்டுக்கு ஊரில் யாரும் முத்திரை வாங்கி வைக்கவில்லை. மலை எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டார்கள். வீரக்குமார் தரிசில் ஆறடி ஆழம் கல் எடுக்க அனுமதி வாங்கினார். ஆறு வருடத்தில் கரடு கப்பலேறிப் போய்விட்டது. கேட்டவர்களிடம், “இங்க ஏது கரடு?” என்றார்.

கேட்டது என் தம்பி தென்னவன். பள்ளிக்கூட வாத்தியார். சின்ன வயதிலிருந்து கரட்டில் ஏறி ஏறி எடுத்த இருநூற்றுப் பத்துப் படங்களோடு வழக்குப் போட்டான். படம் செல்லாது, வழக்கு தள்ளுபடியாகும் என்று எங்களுக்குத் தெரியும். ஊர் உலகத்துக்குக் கேட்கட்டும் என்று போட்டான். ஆனால் வீரக்குமாரின் வக்கீல் ஒரு நிபுணரைக் கூண்டில் ஏற்றினார். தென்னவனுடைய படங்களில் இருக்கிற பாறையும் கானலில் இருக்கிற பாறையும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன, ஆகவே இந்தப் படங்கள் கானலில் செய்தவை என்றார் அந்த நிபுணர்.

ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? நான் பாறைப் பகுதியை எழுதியபோது மாதிரிக்கு வைத்துக்கொண்டதே ஆந்தைக்கரட்டுப் பாறையைத்தான். தென்னவன்தான் ஏறிப் படம் எடுத்து அனுப்பினான். கரட்டைப் பார்த்து நான் கானல் பாறையைச் செய்தேன். கானல் பாறையைப் பார்த்துக் கரட்டைச் செய்ததாகத் தீர்ப்பு வந்தது. நான் கூண்டில் ஏறி இதைச் சொன்னேன், மாதிரிக்கு வைத்திருந்த படங்களைக் காட்டினேன். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அதுவும் படம்தானேம்மா,” என்றார்.

பொய்க்காட்சித் தடைச் சட்டத்தில் தென்னவனுக்கு ஆறு வருடம். படங்கள் பொய் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பாதியில் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். “என் கண்ணால பாத்து எடுத்தது. அதைப் பொய்னு எப்பிடிக்கா எழுதுவேன்?” என்று கேட்டான். இரண்டாவது வருடம் அவனுக்கு இளைப்பு வந்தது. மூன்றாவது வருடம் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்று பேசினான்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். என் தம்பி பொய் சொல்லவில்லை என்று அதே நீதிமன்றம் வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்புறம் வீரக்குமார் உள்ளே போக வேண்டும். ஒன்றே ஒன்று என்று சொல்லிவிட்டு இரண்டு சொல்கிறேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் வக்கீல் ஷமீமா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கோபம் வந்தால் மேஜையில் இருக்கிற பேனாக்களை வரிசையாக அடுக்குவார். ஒரு நாள் ஏழு பேனாக்களை அடுக்கிவிட்டுச் சொன்னார். “அந்த ஆள்கிட்ட முத்திரை அளவீடு கண்டிப்பா இருக்கு சுடர்.”

“எப்பிடிக்கா சொல்றீங்க?”

“முழுக் கரட்டையும் வாங்கினவன் வெளிநாட்டுக்காரன். கண்ணை மூடிட்டா வாங்குவான்? எத்தனை அடி கறுப்புக் கல்லு, எத்தனை அடி சாம்பல்னு முத்திரையோட கேப்பான். கரட்டைத் தொடறதுக்கு முந்தியே அளந்திருப்பாங்க.”

“எண்ணைக் கண்டுபிடிக்க முடியாதா?”

“அவர்கிட்டயே போய்க் கேளு. ஐயா, உங்களை உள்ள தள்ளணும், நம்பர் சொல்லுங்கன்னு.”

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அடுத்த வாரமே வீரக்குமாரின் மேனேஜர் எனக்குப் போன் செய்தான். முதலாளியின் ஓட்டல் மண்டபத்துக்குக் கானலில் ஒரு கரடு செய்ய வேண்டும், பாறை செய்வதில் நீங்கள்தான் கெட்டி என்று கேள்விப்பட்டோம் என்றான். கூடவே இன்னொன்றும் கேட்டான். எங்கள் மேல்முறையீடு நிலுவையில் இருந்தது. தென்னவன் கொடுத்த படங்களை நான்தான் கானலில் செய்தேன் என்று சத்தியம் செய்து ஒரு வாக்குமூலம் எழுதித் தர வேண்டும். தந்தால் என் தம்பிக்கு நல்லது, என்மேல் வழக்கு வராமல் பார்த்துக்கொள்வோம், எனக்கும் வேலை என்றான். வீரக்குமாருக்கு வேண்டியது கரடு மட்டும் இல்லை. தன்மேல் வழக்குப் போட்டவனுடைய அக்கா தன் மண்டபத்தில் கை கட்டி நிற்பதைப் பார்க்க வேண்டும். அந்த ஆசை எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே ஜாதி ஆசைதான்.

“கையெழுத்துப் போட்டா மேல்முறையீடு செத்துடும்,” என்றார் ஷமீமா. “தென்னவன் உன் மூஞ்சியில முழிக்க மாட்டான். அதோட நிக்காது, சுடர். நாளைக்கு நாம ஜெயிச்சோம்னு வையி…” என்று தொடங்கி மீதியையும் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். அவர் எட்டாவது பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் தென்னவனைப் பார்க்கச் சிறைக்குப் போனேன். பார்க்க விருப்பமில்லை என்று காவலரிடம் சொல்லி அனுப்பிவிட்டான். ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வந்தது. “உன் பாறை நல்லா இருக்குக்கா,” என்று எழுதியிருந்தான். பஸ் ஸ்டாண்டுவரை நடந்தே வந்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்ததில் தாடை இரண்டு நாள் வலித்தது.

அதற்கப்புறம் வீரக்குமாருடைய கரட்டில் தப்பு வைப்பது சுலபமாக இருந்தது.

வாரம் ஒருமுறை மண்டபத்துக்குப் போவேன். ஒவ்வொரு வாரமும் முதல் கேள்வி ஒன்றுதான். “தம்பி நல்லாருக்கானா அம்மணி?”

“இருக்கான் சார்.”

“இருக்கோணும், இருக்கோணும்,” என்று சிரித்துவிட்டுத் திரையைப் பார்ப்பார். பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விடும். நாற்பது வருடம் கல்லோடு இருந்த மனிதர். மற்றவர்களுக்குச் சோற்றில் கல் கிடந்தால் பொறுக்காது. இவருக்குக் கல்லில் தப்பு கிடந்தால் பொறுக்காது. நான் நம்பி இறங்கியது அதை ஒன்றைத்தான்.

“கெழக்கால சரிவுல பாறை இத்தனை சிவப்பா இருக்காது. சாம்பல்ல வெள்ளை வரி ஓடும்.”

மாற்றுவேன். மாற்றும்போது இன்னொரு இடத்தைக் கெடுத்துவைப்பேன்.

“ஏம்மா, போன வாரம் அடிவாரம் சரியா இருந்துச்சே, இப்ப எதுக்கு அதைத் தூக்குனே?”

“நீங்க சொன்னதாத்தான் ஞாபகம் சார்.”

“நான் எதுக்குச் சொல்றேன்? எனக்குக் கிறுக்கா?”

உச்சியில் இருந்த ஆந்தைக்கல்லை மட்டும் எப்போதும் விட்டுவைக்காமல் கெடுத்தேன். கரட்டுக்குப் பெயர் வந்ததே அந்தக் கல்லால்தான். இரண்டு ஆள் உயரத்தில், கழுத்தைச் சுருக்கிக்கொண்டு ஆந்தை உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். அது மேற்கே பார்க்கும் என்பது எனக்குக்கூடத் தெரியும். நான் கிழக்கே திருப்பி வைத்தேன். அவர் மேற்கே என்றார். திருப்பினேன், தலையைச் சின்னதாக்கினேன். தலையைப் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கிவிட்டு மறுபடி கிழக்கே திருப்பினேன்.

ஐந்தாவது வாரம் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். “ஆந்தை மேக்கால பாக்கும்! எத்தனை தடவை சொல்றது? கறுப்புன்னா அதான் கறுப்பு. தண்ணி ஊத்துனா மொகம் பாக்கலாம். ஒரு பொத்தல் கெடையாது, ஒரு கீறல் கெடையாது. மொத வெடியே அதுக்குத்தான் வெச்சோம். நெம்ப அருமையான கல்லு, அம்மணி.” சொல்லும்போது அவர் குரல் குழைந்தது. இந்த மனிதருக்குக் கரட்டின் மேல் பிரியம் இருந்தது. கசாப்புக்கடைக்காரர் ஆட்டைத் தடவிப் பார்க்கிற பிரியம். எனக்கு அந்த நிமிடத்தில் அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. பிடிக்கவில்லை.

“வாயால சொன்னா எனக்குப் பிடிபடலை சார்,” என்றேன். “எழுதின அளவு ஏதாவது இருந்தா ஒரே நாள்ல முடிச்சிடலாம். இல்லைன்னா விடுங்க, கோயம்புத்தூர் பக்கத்து மலை ஒண்ணு ரெடியா இருக்கு. அதைப் போட்டுடறேன். வர்றவங்களுக்கு என்ன தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமல்லோ?” என்றார்.

மண்டபத்தை ஒரு சுற்று நடந்தார். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு, சாமி ரூமில் இருந்து மஞ்சத்துணியை எடுத்து வரச் சொன்னார். மேனேஜருக்கு முகம் வெளிறிப்போனது.

“ஐயா, அதை எதுக்குங்க இங்க…”

“போடா. படம் சாட்சி ஆகாதுன்னு கோர்ட்டே சொல்லிப்போடுச்சு. இந்தப் பொட்டிக்கு நெட்டு கெடையாது. வேலை முடிஞ்சதும் அளவு இருக்கற வில்லை என் ஜோப்புக்கு வந்துரும். அம்மணி எதைத் தூக்கிட்டுப் போகும்? கண்ணுல வெச்சா?”

மஞ்சத்துணி வந்தது. அவிழ்த்தார். உள்ளே விரல்நகம் அளவில் ஒரு நினைவு வில்லை. அதன்மேல் காய்ந்துபோன குங்குமம். “எங்க தொழில்ல மொத வெடிக்கு முந்தி அளவைச் சாமிகிட்ட வெச்சுக் கும்புடுவோம். கும்புட்ட அளவை அழிக்கக் கூடாது. அழிச்சா அடுத்த கல்லு கைவிட்டுரும்,” என்றார். அந்தக் குங்குமத்தைப் பார்த்து நான் மனசுக்குள் அந்தச் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

வில்லையைச் சொருகினேன். கானல் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மூன்று சுவரிலும் ஆந்தைக்கரடு எழுந்து நின்றது.

நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. வடக்கு முகத்தின் மூன்று படிகள், கை நுழையும் வெடிப்பு, கிழக்குச் சரிவில் வெள்ளை வரி, உச்சியில் மேற்கே பார்த்துக்கொண்டு கழுத்தைச் சுருக்கிய ஆந்தை. தென்னவன் எடுத்த இருநூற்றுப் பத்துப் படங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இதை நான் எப்போதும் அறிந்திருந்தேன். ஆனாலும் அவன் வழக்குப் போட்டபோது, ஒரு மூலையில், கொஞ்சம் கூட்டிக்குறைத்துச் சொல்கிறானோ என்று நானே நினைத்ததுண்டு.

“இது கரடு,” என்றார் வீரக்குமார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு சுவரின் அடியைப் பார்த்தார். “அங்க என்ன, எறும்பு ஊர்ற மாதிரி?”

வில்லையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். “அது நன்றி சொல்ற வரி சார். கானல் இலவசம் இல்லையா? அதனால யாரோட அளவை எடுத்தோமோ அவங்க பேரைப் போட்டு நன்றி சொல்லிடறது எங்க வழக்கம். அதை எடுத்தா மென்பொருள் ஓடாது.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கானலின் முதல் பதிப்பிலேயே அந்த வழக்கம் இருந்தது. ஊர் பேர் தெரியாத யாரோ வெயிலில் நின்று அளந்ததை நாம் சும்மா எடுத்துக்கொள்கிறோம், நன்றியாவது போடுவோம் என்று நானூறு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். முத்திரை அளவீடு என்றால் பெயர், தேதி, எண் மூன்றும் தானாக வந்து உட்காரும். அதை எழுதியதும் நான்தான்.

அவர் கிட்டே போய்க் குனிந்து படித்தார். ப. வீரக்குமார் என்று இருந்தது. அதற்கு அப்பால் இருந்த இலக்கங்களுக்கு அவர் கண் போகவில்லை. “கோயில் டியூப் லைட்டுல உபயம்னு போடற மாதிரி,” என்றார்.

“அதே மாதிரிதான் சார்.”

“அப்பறம் எதுக்கு இத்தனை சின்னதா?”

“பெருசாப் போட்டாக் காட்சி கெட்டுடும் சார். வேண்டாம்.”

இப்படிச் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொன்னார். “மண்டபம் யாருது? பெருசாப் போடு அம்மணி. வாசல்ல இருந்தே தெரியோணும்.”

போட்டேன். வெள்ளைக் கரையோடு, ஒரு முழ உயரத்தில் போட்டேன். ‘அளவு உபயம்: ப. வீரக்குமார்’, பக்கத்திலேயே தேதி, பதினான்கு இலக்கம்.

திறப்பு விழா பத்தரை மணிக்கு நடந்தது. மாவட்டத்துப் பெரிய மனிதர்கள், கல் வியாபாரிகள், வக்கீல் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். திரை போட்டதும் கரடு எழுந்தது. மண்டபமே கை தட்டியது. “எவ்வளவு தத்ரூபம்! நிஜமாவே இருந்த மாதிரி இருக்கு,” என்று எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் சொன்னார். கண்ணாடிக்கு வெளியே குழி இருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முன் வரிசையில் பட்டுப்புடவையோடு ஷமீமா உட்கார்ந்திருந்தார். வக்கீல் சங்கத்துக்கு வந்த அழைப்பிதழைத் திருப்பி வைத்து, கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, பொறுமையாகப் பதினான்கு இலக்கத்தை எழுதினார். ஒருமுறை சரி பார்த்தார். பிறகு கேசரி சாப்பிட்டார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஷமீமா புது மனு போட்டு எண்ணைக் கொடுத்ததும் பதிவகம் பூட்டிய பிரதியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. கல் எடுக்க அனுமதி வாங்குவதற்கு நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. கரட்டின் உயரம், அகலம், ஆந்தையின் கழுத்துச் சுற்றளவு எல்லாம் அதில் இருந்தன. “ஆந்தைக்கரடு என்ற குன்று இருந்தது என இந்த நீதிமன்றம் காண்கிறது,” என்று நீதிபதி படித்தார். தென்னவனுக்கு விடுதலை. வீரக்குமாருக்கு ஒன்பது வருடம்.

ஷமீமா அன்றைக்கு என்னிடம் சொன்ன மீதி இதுதான். கரடு நிஜம் என்றால் படங்களும் நிஜம். படங்கள் நிஜம் என்றால், அவற்றை நான்தான் செய்தேன் என்று சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் பொய். அதே பொய்க்காட்சித் தடைச் சட்டத்தில் எனக்கு மூன்று வருடம் கிடைத்தது. “பொய் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று நீதிபதி கேட்டபோது, கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டது போல, “ஆமாங்கய்யா,” என்று உடனே சொல்லிவிட்டேன். அவருக்கே சங்கடமாகிவிட்டது.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் போலீஸ்காரர்களுக்கு நடுவே வீரக்குமாரும் நானும் ஒரு நிமிடம் எதிரெதிரே நின்றோம். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. தம்பியைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை. “அத்தனை தப்பும் வேணும்னேதான் வெச்சியா?” என்று கேட்டார்.

“இருபத்தஞ்சு மட்டும் சார்.”

தென்னவன் என்னைப் பார்க்க வந்தது இரண்டு மாதம் கழித்து. இப்போது கம்பிக்கு இந்தப் பக்கம் நான். இளைப்பு குறைந்திருந்தது.

“அந்தச் சீட்டு…” என்று தொடங்கினான்.

“விடுடா. என் பாறை நல்லாத்தானே இருக்கு.”

சிரித்தான். சிரிப்பிலேயே அழுதான். பிறகு சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாத்தியார் குரலில் விவரம் சொன்னான். முத்திரை அளவீடு இப்போது பொதுச்சொத்து. கானல்காரர்கள் நானூறு பேரும் சேர்ந்து ஆந்தைக்கரட்டை அடுத்த பதிப்பில் முதல் காட்சியாக வைக்கப் போகிறார்கள். கரட்டைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். யாராவது தப்பு கண்டுபிடித்து எழுதினால் அவன்தான் சரி பார்த்துப் பதில் போட வேண்டும். ஆஸ்பத்திரி, விடுதி, சிறை எல்லாத் திரைக்கும் அது போகும்.

“அந்த ஆள் இருக்கிற சிறைக்குமா?”

“எல்லாத்துக்கும்தான்க்கா.”

எனக்கு அந்த நிமிடம் புதிதாகப் பிறந்ததுபோல் இருந்தது. கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு சொன்னேன். “தென்னா, ஆந்தையைக் கிழக்கால திருப்பி வெச்சிடு. அது ஒண்ணே ஒண்ணு. ஒன்பது வருசம் அந்த ஆள் தெனமும் அதைப் பாக்கணும். பாத்துப் பாத்து வயிறு எரியணும்.”

அவன் முகம் மாறிவிட்டது. “மாட்டேன்க்கா.”

“ஏன்டா?”

“நாலு வருசம் நான் எதுக்கு உள்ள இருந்தேன்? ஒரு வரி எழுதியிருந்தா வந்திருப்பேன். அந்தக் கரட்டுல ஒரு கல்லைக்கூட நகத்த மாட்டேன். நாளைக்கு ஒரு பிள்ளை அதைப் பாத்து, இப்பிடித்தான் இருந்துச்சுன்னு நினைக்கும்ல?”

அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. நேரம் முடிந்தது என்று வார்டர் கூப்பிட்டார். சரியாகப் பேசிக்கொள்ளாமலே எழுந்து போனான்.

மழைக்காலத்தில் புதுப் பதிப்பு வந்தது. பெண்கள் சிறையின் சாப்பாட்டுக் கூடத்துத் திரையில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த கடற்கரை போய், ஒரு காலையில் ஆந்தைக்கரடு வந்து நின்றது. தட்டோடு நின்று ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். மூன்று படி, வெடிப்பு, வெள்ளை வரி. ஆந்தை மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நூல் பிசகவில்லை. பக்கத்தில் நின்ற பெண், “இது எந்த ஊரு மலை?” என்று கேட்டாள். “எங்க ஊரு. நெசமாவே இருந்துச்சு,” என்றேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு ஓரத்தில் புகைந்துகொண்டே இருந்தது. அந்த ஆளும் இப்போது இதையே பார்த்துக்கொண்டிருப்பான், தின்ற மலையைத் திரும்பப் பார்த்து ஆறுதலாகக்கூட இருப்பான் என்று நினைத்து நினைத்து எனக்கு இரண்டு மாதம் சோறு இறங்கவில்லை.

ஷமீமா ஒரு வியாழக்கிழமை வந்தார். பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கம்பி வழியாகப் பிடித்துக் காட்டினார். “படி,” என்றார்.

வீரக்குமார் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதிய மனுவின் நகல்.

‘ஐயா, எங்கள் தொகுதித் திரையில் உள்ள ஆந்தைக்கரட்டில் உச்சிக்கல் கிழக்கே பார்த்து இருக்கிறது. அது மேற்கே பார்க்க வேண்டும். நான் நேரில் நின்று அளந்தவன், எனக்குத் தெரியும். ஏற்கெனவே எட்டு மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை. இதனால் எனக்குத் தூக்கமும் சாப்பாடும் இல்லை. தயவுசெய்து கல்லைத் திருப்பித் தர வேண்டுகிறேன்.’

நான் இரண்டு முறை படித்தேன். “எங்க திரையில சரியாத்தானே இருக்கு?”

“எல்லாத் திரையிலயும் சரியாத்தான் இருக்கு. நான் நாலு ஆஸ்பத்திரியில விசாரிச்சுட்டேன். அந்த ஒரு சிறைக்குப் போன பிரதியில மட்டும்தான் இப்பிடி.” ஷமீமா காகிதத்தின் மறுபக்கத்தைத் திருப்பினார். “பதிலையும் படி.”

மனு கானல்காரர்களுக்கு அனுப்பப்பட்டு, கரட்டுக்குப் பொறுப்பானவர் பதில் எழுதியிருந்தார். சிறுவயதிலிருந்து எனக்குத் தெரிந்த, கரும்பலகையில் எழுதுவது போன்ற உருண்டைக் கையெழுத்து.

‘தங்கள் மனு கிடைத்தது. நேரில் பார்த்த நினைவு சாட்சி ஆகாது. இப்படிக்கு, தென்னவன்.’

நான் சிரித்த சிரிப்பில் வார்டர் ஓடி வந்தார். அன்று மதியம் இரண்டு கரண்டி சோறு கூட வாங்கிச் சாப்பிட்டேன்.